கைத்தொலைபேசியில் வரும் பயிற்சிக்குப் பேர் போடுவது யார்?

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் தொழிற்பயிற்சிக்குப் போவதென்றால் சில வருடங்களுக்கு முன்வரை அது ஒரு முழுநாள் பயணமாகவே இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பக்கத்துக் காம்பராவில் ஒப்படைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, தலவாக்கலையில் இறங்கி வேறு பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய்ச் சேரும்போது மண்டபத்தில் மங்கள விளக்கேற்றி முடிந்திருக்கும். முதலாவது வளவாளரின் பேச்சில் பாதி போயிருக்கும். பிற்பகல் மூன்று மணியானதும் இந்தப் பெண்களின் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டில் தோட்டப் பாதையில் நடக்க வேண்டும் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

2020 மார்ச்சில் கொவிட் நோயினால் நாடு முடக்கப்பட்டபோது இந்தப் பயணம் நின்றது. ஆனால் பயிற்சி நிற்கவில்லை. அது கைத்தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது. சூம் வகுப்பு, வட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவு, காணொளி, அதன் கீழே பத்துக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் விடையளித்தால் ஒரு சான்றிதழ். முடக்கம் நீங்கி வருடங்கள் கடந்த பின்னரும் பயிற்சிகளில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது. இணையவழிக் கற்றல், மின்கற்றல், ஈ-லேர்னிங் என்று பல பெயர்களில் இதை அழைக்கின்றனர்.

பெருந்தோட்டப் பெண்களுக்கான பயிற்சிகளை ஒழுங்கு செய்வது எனது தொழில். பிள்ளைமடுவங்களில் பணிபுரியும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், அவர்களுக்கு உதவியாக இருக்கும் ஆயாமார், கொழுந்து பறிக்கும் பெண்களிடையே சுகாதாரத் தொண்டர்களாகச் செயற்படுபவர்கள் ஆகியோரே என் குழுக்களில் அதிகம். மின்கற்றல் என்றாலே முன்னேற்றம் என்று மேடையில் பேசுவோரும், அது தோட்டத்துப் பெண்களுக்குச் சரிவராது என்று ஒரேயடியாக ஒதுக்குவோரும் இப்பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்பது குறைவு. அவர்கள் சொன்னவற்றையும் நான் கண்டவற்றையும் இங்கு எழுதுகிறேன்.

திரும்பத் திரும்பக் கேட்கலாம்

முதலில் நன்மைகளைச் சொல்லிவிட வேண்டும். அவை சிறியவையல்ல.

மண்டபத்தில் நடக்கும் செயலமர்வில் கை உயர்த்திக் கேள்வி கேட்பவர்கள் எப்போதும் அதே நாலைந்து பேர்தான். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். என் குழுவில் சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திய, நாற்பது வயதை நெருங்கும் ஓர் அக்கா இருக்கிறார். ஏழெட்டு செயலமர்வுகளில் அவருடைய குரலை நான் கேட்டதேயில்லை. பயிற்சி வட்ஸ்அப்புக்கு வந்த பின்னர் இரவில் அவரிடமிருந்து குரல்பதிவுகள் வரத் தொடங்கின. "மிஸ், பீச்சி வச்ச தாய்ப்பால சூடாக்குறப்ப நேரா அடுப்புல வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள வைக்கலாமா?" கேள்வி துல்லியமானது. (வைக்கலாம், அதுதான் சரியான முறை.) அந்தப் பாடத்தை அவர் நான்கு தடவை கேட்டிருந்தார். மண்டபத்தில் எந்த வளவாளரும் ஒரே விடயத்தை நான்கு தடவை சொல்லமாட்டார். இரண்டாம் தடவை கேட்டாலே சிலருக்கு முகம் மாறிவிடும்.

அடுத்தது, பாடம் தேய்வதில்லை. முன்னர் தோட்டத்துக்கு ஒருவரை ஹட்டனுக்கு அழைத்துப் பயிற்றுவிப்போம். அவர் திரும்பிவந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆளிடம் சேரும்போது பாதிப் பாடமே எஞ்சியிருக்கும். இப்போது எல்லோர் காதிலும் ஒரே பாடம் விழுகிறது. கைக்குழந்தை உள்ள பெண்கள், வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்பவர்கள், கணவன் வெளியூர் அனுப்ப மறுப்பவர்கள் என முன்பு பயிற்சிப் பட்டியலில் இடம்பெறாத பலர் இப்போது இடம்பெறுகிறார்கள். இதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

கொத்மலையிலே தொடங்கிய கதை

இணையத்தை மலைநாட்டு மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சி நேற்றுத் தொடங்கியதல்ல. பூண்டுலோயா அமைந்துள்ள கொத்மலைப் பகுதியே இதில் உலகம் பேசிய ஒரு பரிசோதனையின் களமாக இருந்தது என்பதை நம்மில் இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள். மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்து குடியேறிய மக்களுக்காக மகாவலி சமூக வானொலி ஆரம்பிக்கப்பட்டு, அதன் கொத்மலை நிலையம் 1989இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில், கொழும்பிலேயே ஒரு சிலரிடம் மட்டும் இணையம் இருந்த காலத்தில், யுனெஸ்கோவின் உதவியுடன் அந்தச் சிறிய நிலையத்துக்கு இணைய வசதி கிடைத்தது. நேயர்கள் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, தேவையானால் அத்துறை தெரிந்த ஒருவரையும் அருகில் அமர்த்தி, எல்லோருக்கும் விளங்கும் மொழியில் வானொலியிலேயே பதில் சொல்லுவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் இணையத்தைப் பயன்படுத்த இடம் செய்துகொடுக்கப்பட்டது. பிற நாடுகளிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து பார்த்துச் சென்றனர்.

அந்தத் திட்டம் பேர்பெற்றதற்குக் காரணம் அங்கிருந்த கணினி மட்டுமல்ல. கேள்வி கேட்டவருக்கும் கணினிக்கும் இடையில் ஒரு மனிதர் இருந்தார். வாசித்து, விளங்கி, ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொன்னார். அதே திட்டத்தின் குறையும் நமக்குத் தெரிந்ததே. ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் இருந்தது. அலைவரிசை தோட்டத்து லயன்களுக்கு மேலாகச் சென்றதே தவிர உள்ளே இருந்தவர்களுக்கு அது பாடமாகவில்லை.

2004ஐ அடுத்து நெனசல நிலையங்கள் வந்தன. பின்னர் கைத்தொலைபேசி வந்து எல்லாவற்றையும் பின்தள்ளியது. ஆயினும் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி அறிவுக் கணக்கெடுப்புகளை எடுத்துப் பாருங்கள். நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் ஆண்டுதோறும் கடைசி இடம் தோட்டத்துக்குத்தான்.

கை பழக வேண்டிய பாடம்

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? குழந்தையைக் குப்புற முன்னங்கையில் தாங்கி, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தடவை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சு எலும்பின் மீது ஐந்து தடவை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல வயிற்றில் அழுத்தக் கூடாது. பிள்ளைமடுவத்தில் வேலை செய்யும் எவருக்கும் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு அழகான காணொளி இருக்கிறது. கேள்விகளும் இருக்கின்றன. ஒரு குழுவில் அனைவரும் அக்கேள்விகளுக்கு நல்ல புள்ளி பெற்றிருந்தார்கள். அடுத்த மாதம் நேரில் சந்தித்தபோது ஒரு பொம்மையைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னேன். ஒருவர் பொம்மையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே முதுகில் தட்டினார். இன்னொருவர், குழந்தைக்கு வலிக்குமே என்று தூசு தட்டுவதுபோல மெதுவாகத் தட்டினார். வேறொருவர் தலையைத் தாங்காமல் திருப்பினார். எவருக்கும் பாடம் மறக்கவில்லை. "எத்தனை தடவை?" என்று கேட்டால் எல்லோரும் சரியாக "அஞ்சு" என்றார்கள். கைக்குத்தான் தெரியவில்லை. ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் பிடித்துத் திருத்த எனக்கு அரைமணி நேரம் சென்றது. அந்த அரைமணி நேரத்தை எந்தத் தொலைபேசியும் தராது.

கொழுந்து பறிப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். முற்றியதைத் தொடாமல், கண்ணைப் புண்ணாக்காமல், இரு கையாலும் வேகமாகப் பறிக்கப் பழக ஒரு பருவம் வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளையைப் பழகிய கைக்காரிக்குப் பக்கத்து நிரையில் விடுவது அதனால்தான். தலவாக்கலை சென்.கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. நூறு ஆண்டுகளாக அது கண்டறிந்தவற்றை எழுத்தில் வெளியிட்டு வருகிறது. ஆனாலும் பறிப்பு என்பது இன்றும் மலையில், கை பார்த்துக் கை பழகுவதாகவே இருக்கிறது.

அரசாங்கத்தின் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் முறையும் இதை ஒப்புக்கொள்கிறது. அங்கு ஒருவர் தனது திறனை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்ட வேண்டும். பத்துக் கேள்விகளுக்குப் பொத்தானை அழுத்திப் பெறும் சான்றிதழும் அதுவும் ஒன்றல்ல. தொழில் தேடும் நம் பெண்கள் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் சட்டகமிட்டு மாட்டுமளவுக்கு அழகாக அச்சிடப்பட்ட சில சான்றிதழ்களுக்கு வெளியில் மதிப்பே இல்லை.

யாருடைய தொலைபேசி?

வீட்டில் ஒரு ஸ்மார்ட் தொலைபேசி இருக்கிறது என்று படிவத்தில் எழுதிவிடுகிறோம். அது யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. பெரும்பாலும் கணவனின் சட்டைப்பையில், அல்லது பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனிடம். ஒரு பயிற்சியில் எல்லோருக்கும் முன்னதாகக் கேள்விகளை முடித்துவிட்ட ஒரு பெண்ணைப் பாராட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நம்ம மூத்தவன்தான் மிஸ் அமத்துனான். நான் பக்கத்துல இருந்து ரொட்டி சுட்டேன்." மகனுக்குக் குழந்தைப் பராமரிப்புத் தெரிந்ததில் நட்டமில்லை. ஆனால் சான்றிதழ் வந்தது தாயின் பெயரில்.

இது நமது தோட்டங்களின் தனிக் குறையல்ல. ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆகிய இரு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 2012-2013இல் இணையத்தில் இலவசமாக நடத்திய 17 பாடநெறிகளுக்கு 841,687 பதிவுகள் கிடைத்தன. சான்றிதழ் பெறுமளவுக்கு முடித்தவை 43,196 மட்டுமே. நூற்றுக்கு ஐந்து. சொந்தக் கணினியும் தனியறையும் உள்ளவர்கள் பலர் சேர்ந்திருந்த கூட்டத்திலேயே நிலைமை இதுவென்றால், ஒரு காம்பராவில் ஐந்து பேருடன் இருப்பவள் பாடத்தை முடிக்கவில்லை என்பதற்காக அவளை அக்கறையற்றவள் என்று அறிக்கையில் எழுதுவது நியாயமல்ல. அப்படி எழுதப்பட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சிக்னல் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2018 ஓகஸ்ட் 12ஆம் திகதி டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டப்பட்ட 404 வீடுகள் கையளிக்கப்பட்டபோது, இந்தியப் பிரதமர் அங்கிருந்தே காணொளி இணைப்பில் பேசினார். படம் தெளிவாகவே வந்தது. விழாவுக்கு வரும் இணைப்பு ஒன்று, லயத்துக்கு வரும் இணைப்பு வேறொன்று என்று அப்போது ஒரு பெரியவர் சொன்னார். நான் போய்வரும் சில மலைகளில் கோயில் மேட்டில் ஏறி நின்றால்தான் படம் அசையும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களும், அதே வருடம் செப்டெம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்ததும் நினைவிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா மாவட்டத்தில் பாதை, மின்சாரம், தொலைத்தொடர்பு மூன்றும் ஒன்றாக அறுந்தன. தோட்டத்தில் முதலுதவி தெரிந்த ஒருவர் தேவைப்படுவது அப்படிப்பட்ட நாளில்தான். அன்றைக்குக் கைக்குப் பழகியிருப்பது மட்டுமே உதவும்.

மொழி இன்னொரு தடை. தமிழ்ப் பாடங்கள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் பல, ஆங்கிலத்திலிருந்தோ சிங்களத்திலிருந்தோ அவசரமாகத் திருப்பப்பட்டவை. "எதிர்வினையாற்றும் பராமரிப்பு" என்று ஒரு பாடத்தின் தலைப்பு. குழுவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. குழந்தை அழுதால், சிரித்தால், கையை நீட்டினால், அதன் முகத்தைப் பார்த்துப் பதிலுக்குப் பேசுவதுதான் என்று சொன்னேன். ஓர் ஆயா சலித்துக்கொண்டார்: "அதத்தானே நாங்க தெனமும் செய்றோம். இதுக்கு எதுக்கு மிஸ் இவ்வளவு பெரிய பேரு?"

செக்ரோலில் இல்லாத நேரம்

மேலே சொன்ன குறைகளில் பலவற்றை மனம் வைத்தால் திருத்தலாம். நல்ல தமிழில் பாடம் எழுதலாம், கோபுரம் அமைக்கலாம். எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று.

ஒரு பயிற்சியை அறிமுகப்படுத்தக் கொழுந்து மடுவத்தருகே பெண்களைச் சந்தித்தேன். பாடங்கள் எப்படி வரும், எப்படித் திறப்பது என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். முடிவில் கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டே ஒருவர் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மிஸ். இதுக்குப் பேர் போடுவாங்களா?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் உழைப்பு செக்ரோலில் ஏறுவது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட ஒவ்வொரு வேளையிலும் இந்தப் பேருக்காகத்தான் எத்தனையோ மாதங்கள் போராட வேண்டியிருந்தது. ஹட்டன் மண்டபத்தில் பயிற்சி நடந்த காலத்தில், நான் அறிந்த தோட்டங்களில், போய்வந்த நாளுக்குப் பேர் போட்டார்கள். சில இடங்களில் துரையிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்க முடிந்தது, ஏனென்றால் அந்தப் பெண் அன்று மலையில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாடம் தொலைபேசிக்கு வந்ததும் அந்த நாள் காணாமற்போய்விட்டது. பயிற்சியளிக்கும் தரப்புக்கு மண்டப வாடகை, மதியச் சாப்பாடு, பஸ் பணம் எல்லாம் மிச்சம். நிர்வாகத்துக்கு ஒரு நாள் பேர் மிச்சம். சான்றிதழ் நிறுவனங்கள் தோட்டத்தைப் பரிசோதிக்க வரும்போது காட்டுவதற்குப் பயிற்சிப் பதிவேடும் இருக்கிறது. செலவு எங்கே போனது? அது பெண்ணின் இரவுக்குள் போனது. மாலையில் கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, விறகு எடுத்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பார்த்து, எல்லோரும் படுத்த பிறகு அவள் தொலைபேசியைத் திறக்கிறாள். என் குழுக்களில் பாடங்கள் திறக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான். டேட்டாவும் அவளுடைய காசு. கற்றது தொழிலுக்காக, கற்ற நேரம் தொழிலில் சேராது.

சமூகவியலில் பெண்களின் ஊதியமற்ற உழைப்புப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். சமையலும் பிள்ளை வளர்ப்பும் அதற்கு உதாரணங்களாகக் கூறப்படும். இப்போது தொழிற்பயிற்சியும் அந்தப் பட்டியலில் சத்தமில்லாமல் சேர்கிறது. இது தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. வார இறுதியில் இணையப் பயிற்சி முடிக்கும்படி பணிக்கப்படும் வங்கி ஊழியரும், ஆசிரியையும், தாதியும் இதை உணர்ந்தே இருப்பார்கள். ஆனால் மாதச் சம்பளம் பெறுபவருக்கு அது ஓய்வு நேரம். நாட்கூலிக்காரிக்கு அது அடுத்த நாள் கொழுந்தின் நிறை. தூக்கம் கெட்ட கை மலையில் வேகமாகப் போகாது.

சர்வதேச தொழில் அமைப்பு 1974இலேயே ஊதியத்துடனான கல்வி விடுமுறை பற்றி 140ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. கல்விக்கான அந்த விடுமுறை வேலை நேரத்தில், போதிய கொடுப்பனவுடன் வழங்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். தொலைபேசியில் பாடம் வருவதால் அந்தக் கோட்பாடு பழசாகிவிடவில்லை.

பீகாரில் செய்த ஒரு காரியம்

இந்தியாவின் பீகார் மாநிலத்தில் ஆஷா எனப்படும் கிராமிய சுகாதாரப் பெண் பணியாளர்களுக்காக 2012இல் பி.பி.சி. மீடியா அக்‌ஷன் ஒரு பயிற்சியைத் தொடங்கியது. அதற்கு ஸ்மார்ட் தொலைபேசி தேவையில்லை. பொத்தான் வைத்த சாதாரண தொலைபேசியில் ஓர் இலக்கத்தை அழைத்தால் ஒரு பெண் மருத்துவரின் குரலில் பாடம் ஒலிக்கும். இடையில் அழைப்பை நிறுத்தினால், அடுத்த தடவை விட்ட இடத்திலிருந்தே தொடரும். வீட்டு வேலைக்கு நடுவே கற்பவளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அத்துடன் வளையத்தில் கோர்த்த 40 படஅட்டைகள் கொடுக்கப்பட்டன. ஒவ்வோர் அட்டையிலும் ஓர் இலக்கம் இருந்தது. கர்ப்பிணியின் வீட்டுக்குப் போகும்போது படத்தைக் காட்டி, அந்த இலக்கத்தை அழைத்து, மாமியார் உட்பட எல்லோரும் கேட்கும்படி வைப்பாள். மருமகள் சொன்னால் எடுபடாதது மருத்துவரின் குரலில் வந்தால் எடுபடும் என்பதை அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள் போலும். 2016இல் இந்திய அரசு அப்பயிற்சியைப் பிற மாநிலங்களுக்கும் விரிவாக்கத் தொடங்கியது.

அதை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படம் ஓடும் காணொளியை விடக் குரல் மட்டும் உள்ள பாடம் எங்கள் பக்கத்திலும் நன்றாகப் போகிறது என்பதைக் கண்டிருக்கிறேன். டேட்டா குறைவு, எழுத்து வாசிக்கச் சிரமப்படும் மூத்த பெண்களும் கேட்கலாம், கை அடுப்படியில் இருக்கும்போதே காது படிக்கும்.

மதியம் பிள்ளைகள் தூங்கும் வேளை

பூண்டுலோயாப் பக்கத்துப் பிள்ளைமடுவமொன்றில் பெண்களே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல. கிழமைக்கு ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னர் பிள்ளைகள் தூங்கும் வேளையில், உத்தியோகத்தரும் ஆயாமாரும் ஒன்றாக அமர்கிறார்கள். சிக்னல் உள்ள வீட்டுக்காரி முதல்நாளே பாடத்தை இறக்கிக் கொண்டுவருகிறாள். ஒரே தொலைபேசியில், சிறிய ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து எல்லோரும் கேட்கிறார்கள். பத்து நிமிடப் பாடம். பிறகு யாராவது ஒருவர் அதை நம் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். கஷ்டமான சொல் வந்தால் கொப்பியில் எழுதி, பக்கத்தில் தங்கள் சொல்லை எழுதுகிறார்கள். "எதிர்வினையாற்றும் பராமரிப்பு" என்பதற்கு எதிரே "மொகம் பாத்துப் பேசுறது" என்று எழுதியிருந்ததைக் கண்டு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, பாடம் தயாரித்தவர்களுக்கு அனுப்பிவைத்தேன். மாதம் ஒரு தடவை நான் பொம்மையுடன் போகிறேன். கேட்ட பாடத்தைச் செய்துபார்ப்பது அன்றைக்கு.

இதில் என் வேலை குறையவில்லை, மாறியிருக்கிறது. முன்பு போய் இரண்டு மணிநேரம் பேசுவேன். இப்போது பேச்சுப் பகுதியைத் தொலைபேசி பார்த்துக்கொள்கிறது. நான் போவது கை பார்க்கவும் கேள்வி கேட்கவும்தான். தடிமனான குழந்தையை எப்படி முன்னங்கையில் தாங்குவது, மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதால் யாரை முதலில் தூக்குவது என்ற கேள்விகள் எந்தக் காணொளியிலும் வரவில்லை.

இந்தக் குழுவினர் சென்ற வருடம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மூன்று விடயங்கள் கேட்டிருந்தார்கள். கிழமையில் அந்த அரைமணி நேரத்தைப் பயிற்சி நேரமாகப் பதிய வேண்டும். பாடத்துக்கான டேட்டாச் செலவைத் தோட்டமோ பயிற்சி நடத்துபவர்களோ ஏற்க வேண்டும். கொழுந்து மலையிலிருந்து சுகாதாரத் தொண்டர்களாக வரும் பெண்கள் அன்றைக்கு நிறை குறைந்து பேரை இழக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது கோரிக்கைக்கு உடனேயே சம்மதம் கிடைத்தது. பிள்ளைமடுவத்தில் உள்ளவர்கள் எப்படியும் அங்கேதான் இருக்கிறார்கள், நிர்வாகத்துக்கு அதில் செலவில்லை. இரண்டாவதற்குப் பயிற்சி நடத்துபவர்கள் ஒரு சிறு தொகையை ஒதுக்கினார்கள். மூன்றாவதற்கு, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. இன்னும் சொல்லவில்லை. அதனால் மலையில் வேலை செய்யும் பெண்கள் அந்த மதிய வகுப்புக்கு வருவதில்லை. அவர்களுக்குப் பாடம் பழையபடி இரவில்தான் போகிறது.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள், அல்லது என்னைப் போலப் பயிற்சிகளை நடத்துபவர்கள். உங்கள் இடத்தில் தொலைபேசியில் வரும் பயிற்சி எந்த நேரத்தில் நடக்கிறது, டேட்டாவுக்கு யார் செலவழிக்கிறார்கள், அந்த நேரத்துக்குப் பேர் விழுகிறதா என்ற மூன்றையும் இப்பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டியதில்லை, தோட்டம் எந்தப் பக்கம் என்பது மட்டும் போதும்.